சக் ஈ. சீஸ்: பீட்சா வேகும் நேரத்தில் காசு பார்த்த கடை

கேட்ட கேள்விகள் மூன்று. பீட்சாவும் காசு விளையாட்டுப் பெட்டிகளும் சேர்ந்த அமெரிக்காவின் சக் ஈ. சீஸ் கடைகளை ஆரம்பித்தவர் வீடியோ கேம் செய்த அடாரி கம்பெனிக்காரர்தானா? இரண்டு முறை திவாலாகியும் அது எப்படி இன்னும் ஓடுகிறது? அதே மாதிரி சாப்பாடும் விளையாட்டுமாக நடக்கும் டேவ் அண்ட் பஸ்டர்ஸும் அதே கம்பெனியா? முதல் கேள்விக்கு ஆமாம், மூன்றாவதற்கு இல்லை. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

நோலன் புஷ்னெல் யூட்டா மாநிலத்துக்காரர். கல்லூரியில் படிக்கும்போது லகூன் என்ற கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்தார். பந்தெறிந்து பாட்டிலைச் சாய்ப்பது மாதிரியான காசு விளையாட்டுகள் நடக்கும் பகுதி அவருடையது. நடந்து போகிறவனை எப்படி நிறுத்துவது, அவன் பையில் இருக்கும் சில்லறையை எப்படி வெளியே வரவழைப்பது என்பதையெல்லாம் அவர் கற்றது அங்கேதான். 1972-ல் டெட் டாப்னியுடன் சேர்ந்து அடாரியைத் தொடங்கினார். அங்கே எஞ்சினியராக இருந்த அலன் ஆல்கார்ன் செய்த பாங் என்ற வீடியோ கேமின் மாதிரிப் பெட்டியை அந்த ஆண்டே சன்னிவேல் ஊரில் ஆண்டி கேப்ஸ் டேவர்ன் என்ற மதுக்கடையில் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் பெட்டி ஓடவில்லை என்று கடையிலிருந்து போன் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. காசு விழும் டப்பா நிரம்பி வழிந்து, அடுத்த காசு உள்ளே போக இடமில்லாமல் சிக்கிக்கொண்டிருந்தது.

வீடியோ கேம் வரலாறு பேசுகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். புஷ்னெலுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். அடாரி ஒரு பெட்டியைச் செய்து ஒரு தடவை விற்கும், அதோடு சரி. அதை வாங்கி மதுக்கடையிலும் பௌலிங் கூடத்திலும் வைக்கிறவரோ, கொடுத்த விலையைப் போலப் பல மடங்கை நாணயமாக எண்ணி எடுத்துக்கொண்டே இருப்பார். தான் கணக்கின் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகப் புஷ்னெலுக்குத் தோன்றியது. பெட்டியைச் செய்கிறவனே பெட்டி வைக்கும் இடத்தையும் நடத்தினால் என்ன? சக் ஈ. சீஸ் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். கடையின் சின்னமான எலி, பீட்சா எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை.

இடம் பிடிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைக்கு விளையாட்டுப் பெட்டிகள் இருந்தது பெரும்பாலும் மதுக்கடைகளில், பூல் கூடங்களில், இல்லாவிட்டால் ஆர்கேடு என்ற இருட்டான விளையாட்டுப் பெட்டிக் கூடங்களில். பெற்றோருக்கும் நகராட்சிகளுக்கும் அந்த இடங்கள் மேல் நல்ல எண்ணம் கிடையாது. டெக்சாஸில் மெஸ்கீட் என்ற நகரம், 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் காசு விளையாட்டுப் பெட்டிகளைத் தொடக்கூடாது என்று விதி போட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டது அலாடின்ஸ் காசில் என்ற ஆர்கேடு சங்கிலி. பின்பால் என்ற பந்து விளையாட்டுப் பெட்டிகள் செய்யும் பாலி நிறுவனத்துக்குச் சொந்தமானது அது. மால்களில் கிளை கிளையாகப் பரவியிருந்தது. அந்த வழக்கு 1982-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சின்ன ஊரின் ஆர்கேடு விதி அவ்வளவு தூரம் போயிற்று என்றால் அன்றைய சந்தேகம் எவ்வளவு ஆழமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலாடின்ஸ் காசில் சண்டை போட்டு வெல்லப் பார்த்த இடத்தில் புஷ்னெல் சுற்றிக்கொண்டு போனார். பிள்ளையோடு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? குடும்பமே வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும். சாப்பாட்டை விடப் பொருத்தமான சாக்கு கிடையாது.

ஏன் பீட்சா? ருசியைப் பார்த்து அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பீட்சாவுக்கு மாவு, சாஸ், சீஸ், மேலே தூவ நாலு பொருள் போதும், பெரிய சமையல்காரர் தேவையில்லை, கெடுப்பதும் கஷ்டம். இதையெல்லாம் விட முக்கியம், அது வேக நேரம் எடுக்கும். ஆர்டர் கொடுத்துவிட்டு இருபது நிமிடமாவது காத்திருந்தாக வேண்டும். வேறு எந்த உணவகத்திலும் வாடிக்கையாளர் முணுமுணுக்கும் நேரம் அது. இங்கே மட்டும் கடைக்குக் காசு கொட்டும் நேரமாக அதை மாற்றிவிட்டார். உணவோடு கொஞ்சம் டோக்கன் சேர்த்துக் கொடுப்பார்கள். அது தீரும்போது பீட்சா வந்திருக்காது. பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

டோக்கன் என்பதும் சும்மா இல்லை. கால் டாலர் நாணயத்தைப் பெட்டியில் போடும்போது கை ஒரு நொடி தயங்கும், ஏனென்றால் அது காசு. கடையின் முத்திரை போட்ட பித்தளை வில்லையை வேறு எங்கேயும் செலவழிக்க முடியாது, அதனால் தயக்கமும் வராது. பையில் மிச்சமிருக்கும் இரண்டு வில்லைகள் அடுத்த முறை வருவதற்கான காரணமாகவும் ஆகிவிடும்.

அப்புறம் அந்த எலி. புஷ்னெல் ஒரு கண்காட்சியில் முழு உடல் வேஷ உடை ஒன்றை வாங்கினார். கொயோட் என்ற அமெரிக்க ஓநாய் வகை என்று நினைத்து வாங்கியது. கடைக்கும் கொயோட் பீட்சா என்றே பெயர் வைக்கும் எண்ணம். உடை வந்து சேர்ந்து பிரித்துப் பார்த்தால் நீளமான வால், எலி! சரி, எலியாகவே இருக்கட்டும் என்று ரிக் ரேட்ஸ் பீட்சா என்று பெயரை மாற்றினார். சாப்பாட்டுக் கடைக்கு எலியின் பெயரா என்று விளம்பர வேலை பார்த்தவர்கள் அலறியதில் எலி மட்டும் தங்கியது, பெயர் சக் ஈ. சீஸ் ஆனது.

முதல் கடை 1977 மே மாதம் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் திறந்தது. பெயர் சக் ஈ. சீஸஸ் பீட்சா டைம் தியேட்டர். தியேட்டர் என்று போட்டதற்குக் காரணம் சுவரில் இருந்த பொம்மைகள். காற்றழுத்தத்தில் தலையாட்டி வாயசைக்கும் இயந்திர உருவங்கள், ஓவியச் சட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே இருந்து பேசிப் பாடும். இவற்றைச் செய்ய உதவியது கிராஸ் வேலியில் இருந்த சயன் எஞ்சினியரிங், அடாரியின் ஆராய்ச்சிக்கூடம். வீடுகளுக்குள் வீடியோ கேமைக் கொண்டுபோன அடாரி 2600 கருவியின் ஆரம்ப வேலை நடந்ததும் அங்கேதான். ஆர்கேடுகளின் வியாபாரத்தைப் பின்னால் வீட்டுக்குள் இழுத்த கருவியும், ஆர்கேடைக் காப்பாற்றிய பொம்மையும் ஒரே பட்டறைப் பிள்ளைகள். அந்தப் பொம்மைகள் முக்கியமாகப் பெரியவர்களுக்காக வைத்தவை என்பதும் கவனிக்க வேண்டியது. பிள்ளைகள் பெட்டிகள் பக்கம் ஓடிவிடுவார்கள், மேசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சலித்துப்போய்க் கிளம்பாமல் இருக்க வேண்டுமே. முதல் காலத்து எலி வாயில் சுருட்டோடு கிண்டல் பேசியதற்கும் அதுதான் காரணம்.

இந்தக் கடை திறந்தபோது அடாரி புஷ்னெலிடம் இல்லை. 1976-லேயே வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதை 2.8 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. வார்னருக்குப் பீட்சாவில் ஆர்வம் இல்லை. ஆகவே கடையின் உரிமையை 5 லட்சம் டாலருக்குப் புஷ்னெலே வாங்கிக்கொண்டார். 1978 கடைசியில் அடாரியை விட்டு வெளியே வந்த கையோடு முழு மூச்சாக இதில் இறங்கினார். நேரமும் கூடிவந்தது. 1978-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் பேக்-மேன். பெட்டி எங்கே வைத்தாலும் கூட்டம்.

1979-ல் ராபர்ட் பிராக் வந்தார். ஹாலிடே இன் ஓட்டல்களைக் கிளை உரிமை எடுத்து நடத்திப் பெரிய ஆளானவர். 16 மாநிலங்களில் 280 கடைகள் வரை திறப்பதாக ஒப்பந்தம் போட்டார். அதற்கான கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏரன் ஃபெக்டர் என்ற இளைஞர் ஃபுளோரிடாவில் செய்துகொண்டிருந்த இயந்திரப் பொம்மைகளைப் பிராக் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் மனம் மாறிவிட்டது. ஃபெக்டரின் பொம்மைகள் ஆளுயரத்தில் மேடையில் நின்று, விரல், புருவம், இமை எல்லாம் அசைய, ஒரு முழு இசைக்குழுவாகவே வாசித்தன. அவற்றுக்குப் பக்கத்தில் சக் ஈ. சீஸின் சட்டத்துப் பொம்மைகள் எடுபடவே இல்லை. பிராக் ஒப்பந்தத்தை உதறிவிட்டு, ஃபெக்டருக்கு 20 சதவீதம் பங்கு கொடுத்து ஷோபிஸ் பீட்சா பிளேஸ் என்ற போட்டிச் சங்கிலியைத் தொடங்கினார். 1980 மார்ச்சில் கன்சாஸ் சிட்டியில் முதல் கடை. மேடையில் இருந்த குழுவின் பெயர் ராக்-அஃபயர் எக்ஸ்ப்ளோஷன். கீபோர்டு வாசிக்கும் கொரில்லா ஃபாட்ஸ், பில்லி பாப் என்ற கரடி, நக்கல் பேசும் ஓநாய் ரால்ஃப் என்று ஒரு பட்டாளம். புஷ்னெல் வழக்குப் போட்டார், பிராக் எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் ஷோபிஸ் தன் லாபத்தில் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் தருவதாகச் சமரசம் ஆனது.

1981-ல் பீட்சா டைம் தியேட்டர் பங்குச் சந்தைக்குப் போனது. இரண்டு சங்கிலிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கடை திறந்தன. ஆர்கேடு மோகம் 1982 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் சடாரென்று இறங்கியது. பெட்டிகள் அளவுக்கு மீறிப் போயிருந்தன, விளையாட்டுகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை, வீட்டுக் கருவிகளும் வந்துவிட்டன. இந்த நேரத்தில் புஷ்னெலின் கவனமும் சிதறியிருந்தது. வீட்டு ரோபோ செய்யும் ஆண்ட்ரோபாட் ஒரு பக்கம், புதுக் கம்பெனிகளை அடைகாக்கும் கேட்டலிஸ்ட் டெக்னாலஜிஸ் ஒரு பக்கம். 1983-ல் அடாரியோடு போட்டியிடக் கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும், பீட்சா டைமின் கீழேயே சென்டே என்று மறுபடியும் ஒரு விளையாட்டுப் பெட்டிக் கம்பெனி. சந்தை சரிந்துகொண்டிருக்கும்போது அதே சரக்கைச் செய்ய ஆலை போட்டதை என்னால் எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. அந்த ஆண்டு கம்பெனிக்கு 1.5 கோடி டாலர் நஷ்டம். 1984 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். சென்டேயை வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? அலாடின்ஸ் காசிலை வைத்திருந்த அதே பாலி.

பீட்சா டைமை வாங்கிக்கொண்டது பிராக் தரப்பு. ஏமாற்றிவிட்டுப் போனவர் என்று யார் மேல் வழக்குப் போட்டார்களோ அவரிடமே எலி போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்கு ஷோபிஸ் பீட்சா டைம் என்று பெயர். ஷோபிஸும் அன்றைக்கு அப்படியொன்றும் செழிப்பாக இல்லை, சரிவு எல்லோரையும்தான் அடித்தது. 1985-ல் வந்து அடுத்த ஆண்டே தலைமைப் பொறுப்பேற்ற ரிச்சர்ட் ஃபிராங்க் செய்த காரியம்தான் இரண்டாவது கேள்விக்கான பதிலின் பாதி. பதின்ம வயதினரை விட்டுவிட்டு அவர்களுடைய தம்பி தங்கைகளைப் பிடித்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறி ஆடும் சவாரிகள், பிறந்தநாள் கொண்டாட்டம், டிக்கெட் கொடுக்கும் விளையாட்டுகள்.

டிக்கெட் விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு வீடியோ கேம் பெட்டி சில மாதத்தில் பழசாகிவிடும், அதை விட நல்ல படம் காட்டும் கருவி வீட்டுக்கே வந்துவிடும். சரிவான பலகையில் பந்தை உருட்டிக் குழியில் விழவைக்கும் ஸ்கீ-பால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, இன்னும் பழசாகவில்லை. முடிந்ததும் பெட்டியின் வாயிலிருந்து டிக்கெட் சுருள் நாக்கு நீட்டும். அதைச் சேர்த்துக்கொண்டு கவுண்டரில் பென்சிலோ பிளாஸ்டிக் சிலந்தியோ வாங்கலாம். வீட்டு டிவி எதைக் கொடுத்தாலும் இதைக் கொடுக்காது. பதினைந்து வயதுப் பையன் நல்ல விளையாட்டைத் தேடி எங்கே வேண்டுமானாலும் போவான். ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளோ ஆண்டு தவறாமல் வரும், வரும்போது பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும். அடுத்த ஆண்டு அந்தப் பத்தில் சிலர் தங்கள் பிறந்தநாளையும் அங்கேயே வைப்பார்கள். பெற்றோர் நிம்மதியாக உட்கார வாசலில் ஒரு ஏற்பாடும் செய்தார்கள். உள்ளே வரும்போது குடும்பத்தினர் எல்லோர் கையிலும் ஒரே எண் கொண்ட முத்திரை குத்துவார்கள். வெளியே போகும்போது பிள்ளையின் கையில் இருக்கும் எண்ணும் கூட்டிப்போகிறவர் கையில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால்தான் விடுவார்கள். மெஸ்கீட் நகராட்சி எதற்குப் பயந்ததோ அதற்கு ஒரு ரப்பர் முத்திரையில் பதில் சொல்லிவிட்டார்கள்.

அலாடின்ஸ் காசில் இந்தப் பக்கம் வரவில்லை. அது 1993-ல் ஜப்பானின் நாம்கோ கைக்குப் போய், மால் ஆர்கேடுகளோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சுருங்கியது.

மீதிப் பாதிப் பதில் உரிமை சம்பந்தப்பட்டது. இணைந்த கம்பெனியிடம் இரண்டு பொம்மைக் குழுக்கள் இருந்தன. ஃபெக்டரின் குழுதான் நல்லது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கொரில்லாவும் கரடியும் பாட்டும் எல்லாம் ஃபெக்டரின் சொத்து. எலி கம்பெனியின் சொத்து. ஃபெக்டர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, 1990-லிருந்து ஷோபிஸ் கடைகள் ஒவ்வொன்றாகச் சக் ஈ. சீஸ் ஆகின. இயந்திரங்களைத் தூக்கிப் போடவில்லை. தோலை மட்டும் உரித்தார்கள். கொரில்லா ஃபாட்ஸின் முகத்தையும் ரோமத்தையும் கழற்றிவிட்டு, அதே எலும்புக்கூட்டின் மேல் சக் ஈ. சீஸ் குழுவின் ஊதா நிற மிஸ்டர் மஞ்ச் உடையைப் போர்த்தினார்கள். ஓநாய் ரால்ஃப் நின்ற இடத்தில் சக் ஈ. சீஸ். கித்தார் வாசித்த பீச் பேர் கரடி, ஜாஸ்பர் என்ற நாயாக மாறியது. டிரம்ஸ் அடித்த டூக், சமையல்காரர் பாஸ்குவாலி ஆனார். பில்லி பாபுக்கு மாற்று வேஷம் கிடைக்கவில்லை, மேடையை விட்டே இறக்கிவிட்டார்கள். நேற்றுவரை கொரில்லா அசைத்த விரலை இன்று வேறொருவர் அசைக்கிறார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்றும் ராக்-அஃபயர் ரசிகர்களாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கலை என்று பார்த்தால் ஃபெக்டர் பக்கம்தான் நான். வியாபாரம் என்று பார்த்தால், தனக்குச் சொந்தமில்லாத முகத்தை நம்பி நூற்றுக்கணக்கான கடை நடத்த முடியாது. 1992-க்குள் ஷோபிஸ் என்ற பெயர்ப்பலகை மறைந்தது. 1998-ல் கம்பெனியின் பெயரே சிஇசி என்டர்டெயின்மென்ட் ஆனது.

இரண்டாவது திவால் வேறு மாதிரி. 2014-ல் அப்போலோ குளோபல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கடனையும் சேர்த்துச் சுமார் 130 கோடி டாலர் மதிப்பில் இதை வாங்கியது. இப்படி வாங்கும்போது வாங்கிய கடனில் பெரும்பகுதி வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏறும். அந்தச் சுமையோடு கொரோனா வந்தது. பிள்ளைகள் கூடி ஒரே பெட்டியைத் தொட்டு விளையாடும் இடம், முதலில் மூடப்படும் இடம். சமையலறையைச் சும்மா விடாமல் பாஸ்குவாலிஸ் பீட்சா அண்ட் விங்ஸ் என்ற பெயரில் டெலிவரி செயலிகளில் விற்றார்கள். புதுக்கடை என்று நம்பி வாங்கியவர்கள் முகவரியைப் பார்த்துச் சக் ஈ. சீஸ் என்று கண்டுபிடித்தது அன்றைக்குப் பெரிய பேச்சு. 2020 ஜூனில், சுமார் 100 கோடி டாலர் கடனோடு மறுபடியும் திவால் நீதிமன்றம்.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த தாள் ஒன்று உண்டு. டிக்கெட்டுகளைக் காகிதத்திலிருந்து மின்கணக்குக்கு மாற்றியதோடு, கடைகள் மூடியும் கிடந்ததால், ஏற்கெனவே அச்சடித்து வைத்த டிக்கெட்டுகள் தேங்கிவிட்டன. எத்தனை? 700 கோடி. நாற்பதடிக் கப்பல் கண்டெய்னர்களில் ஏற்றினால் சுமார் 65 கண்டெய்னர். அவ்வளவும் வெளியே கசிந்து யாராவது கவுண்டரில் கொண்டுவந்து நீட்டினால் சுமார் 90 லட்சம் டாலருக்குப் பரிசு கொடுத்தாக வேண்டும். அதனால் அச்சடித்தவர்களுக்குச் சுமார் 23 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை அழித்துவிட அனுமதி கேட்டார்கள். விளையாட்டு டிக்கெட் என்று நாம் நினைப்பது கணக்குப் புத்தகத்தில் கடன் பத்திரம்.

அந்த ஆண்டின் கடைசியிலேயே கடனில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள், கம்பெனி கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. பொம்மைகளை எடுக்கும் வேலை 2017-லேயே ஆரம்பித்திருந்தது. 2024-ல் ஒரு சில கிளைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் கிளையில் மட்டும் நிரந்தரமாக இருக்கும் என்று 2023-லேயே சொல்லியிருந்தார்கள். பழைய மேடைகள் சிலவற்றில் பொம்மைகளின் அசைவு ஆணைகள் 2023 வரை ஃபிளாப்பி டிஸ்கில்தான் வந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அந்த இடத்தில் பெரிய திரை, நடனத் தரை, டிராம்போலின். டோக்கன் போய் அட்டை வந்துவிட்டது. மாதச் சந்தா கட்டிவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்ற திட்டமும் உண்டு.

டேவ் அண்ட் பஸ்டர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது தனிக் கம்பெனி, எந்த உறவும் கிடையாது. ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் பஸ்டர் என்கிற ஜேம்ஸ் கார்லி உணவகம் நடத்தினார், பக்கத்திலேயே டேவிட் காரிவோ விளையாட்டுக் கூடம் நடத்தினார். ஒரே ஆட்கள் இங்கே சாப்பிட்டு அங்கே விளையாடுவதைக் கவனித்து இருவரும் சேர்ந்து 1982-ல் டல்லஸில் ஒரு பெரிய கிடங்குக் கட்டடத்தில் இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தார்கள். அது பெரியவர்களுக்கானது, மது உண்டு. புஷ்னெல் போட்ட அதே கணக்கை அவர்கள் வேறு வழியில் வந்து போட்டார்கள். 2022-ல் மெயின் ஈவென்ட் என்ற பௌலிங், விளையாட்டுக்கூடச் சங்கிலியை 83.5 கோடி டாலருக்கு அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். சக் ஈ. சீஸும் சும்மா இல்லை, 2025-ல் சக்ஸ் ஆர்கேட் என்ற பெயரில் பெரியவர்களை மனதில் வைத்து மால்களில் சின்னக் கூடங்கள் திறந்தது. ஒரு காலத்தில் அலாடின்ஸ் காசில் இருந்த மாதிரியான இடங்களில்.